வயல் எல்லையைக் கணினியில் ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை

பயிர் எங்கே வெளிறுகிறது என்று செயற்கைக்கோள் படத்தில் பார்க்க, முதலில் வேண்டியது உங்கள் வயலின் எல்லைக்கோடு. இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். 50 சென்ட் சதுர வயல் என்றால் ஒரு பக்கம் சுமார் 45 மீட்டர், மொத்தமே 20 கட்டங்கள்தான். எல்லை 10 மீட்டர் நகர்ந்தால் ஒரு வரிசை பக்கத்து வயலுடையதாகிவிடும். அவர் நெல் வெளிறியதைப் பார்த்து நீங்கள் யூரியா போடுவீர்கள்.

செல்போனுடன் வரப்பில் நடந்தோ, கூகுள் எர்த்தில் மூலை மூலையாகக் குறித்தோ எல்லையை எடுத்தால் கேஎம்எல் ஃபைலாகச் சேமிக்கலாம். அதை க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளின் திரையில் இழுத்துப் போட்டாலே திறக்கும். ஆனால் நடந்து எடுத்த தடம் பெரும்பாலும் வெறும் கோடாகத்தான் பதிவாகும். கோட்டுக்குப் பரப்பளவு கிடையாது. 'லைன்ஸ் டு பாலிகன்ஸ்' என்ற கருவியால் அதை மூடிய வடிவமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

வேறு யாராவது ஷேப் ஃபைல் கொடுத்தால் இன்னும் கவனம் தேவை. அது ஒரே ஃபைல் இல்லை, ஒரு கட்டு. எஸ்எச்பி, எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப், பிஆர்ஜே நான்கும் ஒரே பெயரில், ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் எஸ்எச்பியை மட்டும் அனுப்பிவிடுகிறார்கள். ஜிப் செய்து முழுதாகக் கேட்டு வாங்குங்கள். பிஆர்ஜேதான் எந்த அளவுமுறையில் எண்கள் எழுதப்பட்டன என்று சொல்வது. அது இல்லாவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி தெரியும். அப்போது குத்துமதிப்பாக எதையாவது தேர்ந்தெடுக்காதீர்கள். திருச்சி யூடிஎம் 44-ஆம் மண்டலம், கோவை 43. திருச்சி வயலுக்கு 43 என்று கொடுத்தால் அது லட்சத்தீவுப் பக்கம் கடலில் போய் நிற்கும்! எண்களை நீங்களே தட்டச்சு செய்தால் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை அடுத்து. மாற்றிப் போட்டால் அதே வயல் வட துருவத்துக்குப் பக்கத்தில், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளிடம் தெரியும்.

இப்படித் தொலைதூரம் போனால் உடனே கண்டுபிடித்துவிடலாம். சில மீட்டர் தள்ளியிருப்பதுதான் ஏமாற்றும். அதனால் பின்னணியில் செயற்கைக்கோள் படத்தை வைத்து, கிணறு, வரப்பு, பாதையோடு கோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பிறகு 'ஐடென்டிஃபை' பொத்தானை அழுத்தி வயலைத் தொட்டால் பரப்பு சதுர மீட்டரில் வரும். 40.47-ஆல் வகுத்தால் சென்ட். பட்டாவோடு ஒப்பிடுங்கள்; பட்டாவில் ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர். இரண்டு, மூன்று சென்ட் வித்தியாசம் செல்போன் ஜிபிஎஸ்ஸில் சகஜம். பத்து சென்ட் என்றால் மறுபடி நடந்து எடுங்கள். வரப்புத் தகராறுக்கு மட்டும் இந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அதற்கு சர்வேயர் அளந்த புலப்படம்தான் செல்லும்.