கைத்துப்பாக்கி உறை

கைத்துப்பாக்கி உறை (ஹோல்ஸ்டர்) என்பது கைத்துப்பாக்கியை உடலோடு சேர்த்து எடுத்துச் செல்ல உதவும் கூடு ஆகும். இது தோல், துணி அல்லது நெகிழியால் செய்யப்படுகிறது. காவலர்கள் இதனை வெளிப்படையாக அணிகின்றனர். ஐக்கிய அமெரிக்காவில் சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்போர் பலர் இதனை அன்றாடம் ஆடைக்குள் மறைத்து அணிகின்றனர்.

தேவை

குளொக் போன்ற பல கைத்துப்பாக்கிகளில் கையால் போடும் பாதுகாப்புப் பூட்டு இல்லை. விசையை அழுத்தினால் குண்டு பாயும். ஆகவே விசையை முழுவதும் மூடியிருப்பதே உறையின் முதற்பணி. 2008 நவம்பரில் அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்சிகோ பரஸ், நியூயார்க் நகர இரவு விடுதி ஒன்றில், உறையின்றி இடுப்பில் செருகியிருந்த துப்பாக்கி நழுவி வெடித்ததில் தொடையில் காயமடைந்தார். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்த அவ்வழக்கில் அவருக்கு இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

பொருள்

தோல் உறை உடலுக்கு இதமானது. ஆனால் நாட்பட்டுத் தளர்ந்தால் அதன் வாய்ப்பகுதி மடிந்து, துப்பாக்கியைச் செருகும்போது விசையில் சிக்கக்கூடும். கைடெக்ஸ் எனும் நெகிழித் தகட்டைச் சூடாக்கி, குறிப்பிட்ட துப்பாக்கியின் வடிவத்திற்கே வார்த்துச் செய்யும் உறைகள் வடிவம் மாறுவதில்லை. எனினும் கடினமான விளிம்புகள் உடலை உறுத்தலாம். எல்லாத் துப்பாக்கிகளுக்கும் பொருந்துவதாக விற்கப்படும் தொளதொளப்பான துணி உறைகள் விசையைச் சரியாகக் காப்பதில்லை.

அணியும் இடம்

கால்சட்டைக்கு வெளியே இடுப்பில் அணிவது வசதியானது, மறைப்பது கடினம். கால்சட்டைக்கு உள்ளே அணிந்தால் நன்கு மறையும். அதற்கு இடுப்பளவு சற்றுக் கூடுதலாக வேண்டும். முன்வயிற்றுப் பக்கம் அணிந்தால் விரைவில் எடுக்கலாம். ஆனால் அமரும்போது குழல் தொடையின் பெருந்தமனியை நோக்கி இருக்கும். எந்த இடமாயினும் வளையாத, தடித்த பெல்ட் எடையைத் தாங்கி, உறை சரியாமல் காக்கிறது.

வசதியும் பாதுகாப்பும்

வசதி என்பது சொகுசு மட்டுமன்று. உறுத்தும் உறையை அணிபவர் அதைக் கழற்றிக் காரிலோ கழிப்பறையிலோ கைப்பையிலோ வைக்க நேர்கிறது. அங்கே துப்பாக்கி அவருடைய கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. 2014 டிசம்பரில் ஐடகோ மாநிலக் கடை ஒன்றில், தாயின் கைப்பையில் இருந்த துப்பாக்கியை இரண்டு வயதுக் குழந்தை எடுத்து இயக்கியதில் தாய் உயிரிழந்தார். நாள் முழுவதும் கழற்றத் தோன்றாத உறையே பாதுகாப்பான உறை.

சோதித்தல்

புதிய உறையைச் சோதிக்கும் முன், குண்டுப்பெட்டியைக் கழற்றி, குழலறையும் காலியாக உள்ளதைக் கண்ணால் உறுதி செய்ய வேண்டும். பின்னர்:

- உறையைத் தலைகீழாகப் பிடித்து மெல்லக் குலுக்கினாலும் துப்பாக்கி விழக்கூடாது.
- உறையின் வெளிப்புறத்தை அழுத்தினால் விசை அசையக்கூடாது.
- துப்பாக்கியை எடுத்த பின்னும் உறையின் வாய் திறந்தே இருக்க வேண்டும்.
- உட்கார்ந்து, குனிந்து, நடந்து பார்க்கும்போது உறை இடம் மாறக்கூடாது.

துப்பாக்கியை மீண்டும் உறையிலிடும்போது சட்டை நுனியை விலக்கி, விரலை விசையிலிருந்து எடுத்து, உறையைப் பார்த்தபடி மெதுவாகச் செருக வேண்டும். இச்செயலில் அவசரத்திற்கு இடமில்லை.