தகட்டிலிருந்து மறைந்த ஓவியம்

இடிந்த ரோமானிய வளைவுகள், அவற்றின் மேல் முளைத்த புதர்கள், கீழே மாடு மேய்ப்பவர்கள், எல்லாவற்றின் மீதும் மஞ்சள் வெயில். 17-ஆம் நூற்றாண்டில் இத்தகைய இத்தாலியக் காட்சிகளை விரும்பி வாங்கியவர்கள், மழைமேகம் விலகாத ஹாலந்து நாட்டவர்கள்!

வரைந்தவர்களும் டச்சுக்காரர்களே. அவர்களில் ஒருவர் யான் ஆசெலைன். ரோமில் தங்கியிருந்த டச்சு, பிளெமிஷ் ஓவியர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். புதிதாகச் சேர்பவருக்கு மதுவிருந்தோடு பட்டப்பெயரும் கிடைக்கும். ஆசெலைனின் ஒரு கை ஊனமுற்றிருந்ததால் அவருக்கு ‘குட்டி நண்டு’ என்று பெயர் வைத்தார்கள். நண்பர்கள் என்றால் இப்படித்தானா?

பின்னர் அவர் ஆம்ஸ்டர்டாமில் குடியேறி, அங்கிருந்தபடியே இத்தாலியை வரைந்தார். 1647 வாக்கில் ரெம்பிராண்ட் அவருடைய உருவத்தைச் செப்புத் தகட்டில் பொறித்தார். முதலில் எடுத்த அச்சுகளில், ஆசெலைனுக்குப் பின்னால் ஓவியத் தாங்கியில் இடிபாடுகளைக் காட்டும் ஓர் ஓவியம் இருக்கிறது. பிறகு ரெம்பிராண்ட் தாங்கியோடு சேர்த்து அதைத் தகட்டிலிருந்து நீக்கிவிட்டார்.

இன்று ஆசெலைனுக்குப் புகழ் தருவதும் இடிபாடுகள் அல்ல; சிறகை விரித்துச் சீறும் ஓர் அன்னத்தின் படம். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்துக்கு முன்னோடியான தேசியக் கலைக்கூடம் 1800-இல் முதன்முதலாக விலைக்கு வாங்கிய ஓவியம் அதுதான்.