மண்ணே இல்லாத மிராசுதார்!

பி.காம். படித்தவனுக்கு விவசாயத்தில் என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். வரவு செலவு தெரியும், போதாதா? எங்கள் வீட்டு ஜன்னலில் எனக்கு இப்போது பன்னிரண்டு 'வயல்'. அதாவது, பன்னிரண்டு காலி பாட்டில்!

கார்த்திகை ஞாயிறு என்றால் சோளிங்கர் யோக நரசிம்மரைப் பார்க்கக் கூட்டம் அம்மும். 2024-ல் ரோப் கார் வந்துவிட்டாலும், 1,305 படி ஏறுகிறவர்கள் ஏறத்தான் செய்கிறார்கள். அவர்களுக்குப் புண்ணியம், அடிவாரத்துக்குத் தண்ணீர் பாட்டில். கோணிப்பையோடு நான் பொறுக்குவதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "வேலை போயிடுச்சா சார்?" என்று நிஜமான கவலையோடு விசாரித்தார்.

செய்முறை சுலபம். பாட்டிலின் மேல்பகுதியை அறுத்து, மூடியைக் கழற்றி, அதே பாட்டிலுக்குள் தலைகீழாகச் செருகுங்கள். புனல் மாதிரி உட்காரும். கழுத்தில் தேங்காய் நார், அதில் ஒரு புதினாத் தண்டு. தண்டின் அடி நனையும் அளவுக்கு உரத் தண்ணீர். உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 லிட்டருக்கு 1 கிராம் போதும். அதில் கால்சியம் கிடையாது. கால்சியம் நைட்ரேட்டைத் தனியே கரைத்துக் கொஞ்சம் சேர்க்க வேண்டும். பாசி பிடிக்காமல் இருக்க வெளியே செய்தித்தாள் சுற்ற வேண்டும். நீர் இறங்கியதும் மறுபடி கழுத்து வரை ஊற்றிவிடாதீர்கள். மேல் வேர் காற்றில் நிற்கட்டும். வேருக்கும் மூச்சு முட்டும் சார்!

இது என் மூளையில் உதித்ததல்ல. கலிஃபோர்னியாவில் தண்ணீரில் தக்காளி வளர்த்த பேராசிரியர் கெரிக்கே, 1937-ல் இதற்கு 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரை அறிமுகப்படுத்தினார். 1946-ல் வங்காளத்துக் காலிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் இதையே எளிமையாக்கி, நம் ஊருக்குக் கட்டுப்படியாகும்படி செய்து பார்த்தார். 2009-ல் நியூயார்க்கில் பிரிட்டா ரைலி பழைய பாட்டில்களை ஜன்னலில் தோரணமாகவே கட்டிவிட்டார்.

என் தோரணத்தை முதலில் பார்வையிட்டவர் கொசு ஒழிப்பு ஊழியர். "செடி வளக்கறீங்களா, டெங்கு வளக்கறீங்களா?" என்றார். அன்றே எல்லா இடுக்கிலும் துணி கட்டினேன்.

அடுத்து வந்தவர் ஆம்பூர் பக்கத்து மாமனார். "இன்னா மாப்ளே, மண்ணு இல்லாம பயிரா?" என்று சிரித்தார். இலைகளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாம் ஓரம் கருகியிருந்தன.

"இன்னா தண்ணி ஊத்தறீங்க?"

"போர் தண்ணிதான் மாமா. கொஞ்சம் உப்பு..."

"எங்க தென்னையும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுது."

பாலாற்றங்கரையில் அவருக்கு ரெண்டு ஏக்கர் இருந்தது. தோல் கழிவு நிலத்தடி நீரில் கலக்க, கிணறு கெட்டது. பிறகு மண் கெட்டது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனதை, 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே குறிப்பிட்டிருக்கிறது. அந்தப் பெரிய கணக்கில் ஒரு ஓரமாக என் மாமனாரின் ரெண்டு ஏக்கர்.

"மழைத் தண்ணி புடிச்சு ஊத்துங்க மாப்ளே" என்றார். ஊற்றினேன். புதுத் தளிர் பச்சையாக வந்தது.

பேலன்ஸ் ஷீட்டை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு பாட்டிலின் மகசூல், வாரம் ஒரு சட்னி. பாட்டில் ஒருநாளும் நிலத்துக்கு ஈடாகாது. ஆனால், தண்ணீர் கெட்டால் என்ன ஆகும் என்பதைப் பத்தே நாளில், கண்ணெதிரே காட்டிவிடும்.

ஊருக்குக் கிளம்பும்போது மாமனார் ஒரு பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "பையில வெக்கலாமே மாமா?" என்றேன்.

"நசுங்கிடும்" என்று மடியில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் இடம் தேடி உட்கார்ந்ததும் ஜன்னல் ஓரம்தான். செடிக்கு வெளிச்சம் வேணுமாம்!