நாவின் உப்புப் பழக்கமும் இளம் பெண்களின் இரத்த அமுக்கமும்

ஒரே கறியை உப்புக் குறைவென்று ஒருத்தி ஒதுக்க, மற்றொருத்தி அளவானதென்று உண்பாள். குறை கறியிலன்று, நாவின் பழக்கத்திலேயே உள்ளது. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் என்பவற்றை நாடோறும் உண்டு பழகிய நாவுக்கு அளவான உப்பும் சப்பென்றிருக்கும்.

உடலிற் சேரும் மிகையான உப்பு நீரைத் தேக்கி வைக்கிறது. அதனாற் குருதியின் கனவளவு கூட, நாடிகளின் சுவரில் அமுக்கமும் கூடுகிறது. இளம் பெண்களின் இரத்த அமுக்கம் ஒத்த வயதுடைய ஆண்களினதிலும் பெரும்பாலும் குறைந்தே காணப்படும். அவர்கள் இதைப்பற்றி அசட்டையாயிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நோவெதுவுந் தாராது கூடுவது இந்நோய். ஆதலால், கருவுற்றுத் தாய்சேய் நிலையத்துக்குச் சென்ற அன்றே முதன்முறையாக அதனை அறிவோரும் உளர்.

வளர்ந்தோர் நாளொன்றுக்கு 5 கிராமிற்குக் குறைந்த உப்பையே உண்ண வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி அளவாகும். பாணிலும் கருவாட்டிலும் உள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும்.

பழகிய நாவை மாற்றலாம். 1982ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், உப்பைக் குறைத்து உண்டோர் சில மாதங்களிற் குறைந்த உப்புள்ள உணவையே விரும்பத் தொடங்கினர். எனினும் ஒரே நாளிற் குறைத்தால் வீட்டார் கோப்பையைத் தள்ளிவிடுவர். ஆகவே வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்தல் வேண்டும். முதலிற் சோற்றுலையில் இடும் உப்பை நிறுத்துக. கறியோடு உண்கையில் அக்குறை தோன்றாது. கீரை வேகும்போது சுருங்குவதால், பச்சையிலையின் குவியலைப் பார்த்திட்ட உப்பு மிகையாகிவிடும், வெந்தபின்பே இடுக. புளிப்பும் உறைப்பும் மணமும் உப்பின் குறையை மறைக்கும். பழப்புளி, கொறுக்காய், மிளகு, இஞ்சி, கறிவேப்பிலை யாவும் இதற்குதவும். தேசிக்காய்ப் புளியைக் கறி இறக்கிய பின்னரே விடுக, கொதித்தாற் கசக்கும்.

கிணற்றடியில் ஒரு தேசியும் கறிவேப்பிலையும், வேலியில் முருங்கையும், கழிவுநீர் ஓடுமிடத்திற் பொன்னாங்காணிப் பாத்தியும் இருப்பின் இவற்றுக்குச் சந்தையை நாட வேண்டியதில்லை. கீரையிலும் வாழைப்பழத்திலும் உள்ள பொற்றாசியம் சோடியத்தை வெளியேற்றச் சிறுநீரகத்துக்குத் துணைசெய்யும். சிறுநீரக நோயுடையோர் மாத்திரம் வைத்தியரைக் கேட்டே இவற்றை மிகுதியாக உண்ணலாம். கருவுற்றோரும் தாமாகவே உப்பை அறவே நீக்குதல் ஆகாது. இடும் சிறிதளவும் அயடீன் கலந்த உப்பாயிருத்தல் வேண்டும். அதனை ஈரம்படாத, மூடியுள்ள பாத்திரத்தில் வைத்து, சமையல் முடியுந் தறுவாயில் இடுக.