மூணாறு ரயில் நிலையம், 1902–1924

இன்று தேயிலை நிறுவன அலுவலகமாக இயங்கும் இந்தக் கட்டடம்தான் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதையின் மூணாறு நிலையம்.

1902-இல் போட்டது ஒற்றைத் தண்டவாளம், யூயிங் முறை. சிறிய சக்கரங்கள் தண்டவாளத்தின் மேல் உருளும். பக்கவாட்டில் நீட்டிய பெரிய சக்கரம் சாலையில் ஊன்றி, வண்டி சாயாமல் தாங்கும். பாரத்தின் பெரும்பகுதியைத் தண்டவாளமே சுமந்ததால், மலைச்சாலை ஓரத்தில் காளைகளே வண்டியை இழுத்தன. எளிய, அருமையான ஏற்பாடு! 1908-இல் இரண்டடி அகலப் பாதையும் நீராவி எஞ்சினும் வந்தன.

தேயிலைப் பெட்டிகள் மாட்டுப்பட்டி, பாலாறு வழியாக டாப் ஸ்டேஷன் போய்ச் சேரும். அங்கிருந்து ரோப்வேயில் மலையடிவாரக் கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர். தோட்ட வேலைக்குத் தமிழ்க் குடும்பங்கள் பல மலையேறி வந்ததும் அந்தப் போடிப் பக்கத்திலிருந்துதான்.

1924 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099-இல், பெருமழை கொட்டியது. ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று கேரளம் இன்றும் பேசும் அந்த வெள்ளம் தண்டவாளங்களையும் பாலங்களையும் அடித்துச் சென்றது. பாதையைத் திரும்பக் கட்டவில்லை. இந்த நிலையக் கட்டடம் மிஞ்சியது நம் பேறு.