ஆள் மாறினாலும் அதே குழுவா?

ராக் இசைக்குழு என்பது, மின் கிட்டார், தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பாஸ் கிட்டார், டிரம்ஸ், பாட்டு ஆகியவற்றை நான்கைந்து பேர் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, பெரும்பாலும் தாங்களே எழுதிய பாடல்களை ஒரே பெயரில் ஊர் ஊராகச் சென்று வாசிக்கும் அமைப்பாகும். அப்பெயர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று என்பதால், உறுப்பினர் விலகிப் புதியவர் வரும்போது, மேடையில் நிற்பது பழைய குழுதானா என்ற கேள்வி ரசிகர்களின் வாக்குவாதத்தோடு முடியாமல் நீதிமன்றப் படியும் ஏறியிருக்கிறது. இதைச் சோதித்துப் பார்க்க, 1967-இல் லண்டனில் தொடங்கிய ஃபிளீட்வுட் மேக் குழுவைப் போல இன்னொரு சான்று கிடைப்பது அரிது.

அதைத் தொடங்கிய பீட்டர் கிரீன், அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ப்ளூஸ் இசையில் தேர்ந்த கிட்டார் கலைஞர். அவர் தம் பெயரைச் சூட்டாமல், டிரம்ஸ் கலைஞர் மிக் ஃபிளீட்வுட், பாஸ் கலைஞர் ஜான் மெக்வீ ஆகிய இருவரின் பெயர்களை இணைத்துக் குழுவுக்குப் பெயரிட்டார். இத்தனைக்கும் மெக்வீ அப்போது குழுவில் சேரக்கூட இல்லை, சில வாரங்கள் கழித்தே வந்தார். 1970-இல் கிரீன் விலகினார். 1971-இல் ஜெரமி ஸ்பென்சர், அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவே லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மதக்குழுவில் சேர்ந்து மேடைக்குத் திரும்பாமலே போனார். 1972-இல் டேனி கிர்வன் நீக்கப்பட்டார். முதற்காலக் கிட்டார் கலைஞர் மூவரும் போன பின்னும், மெக்வீயின் மனைவியும் கீபோர்டு கலைஞருமான கிறிஸ்டீன், அமெரிக்கரான பாப் வெல்ச் ஆகியோரின் துணையோடு குழு நடந்துகொண்டிருந்தது.

1974-இன் தொடக்கத்தில் ஒரு வினோதம் நிகழ்ந்தது. முந்தைய சுற்றுப்பயணம் பாதியில் நின்றுபோன நிலையில், பெயர் தமக்கே உரியது என்று கூறிய மேலாளர் கிளிஃபோர்ட் டேவிஸ், உண்மையான உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத வேறொரு குழுவைத் திரட்டி, ஃபிளீட்வுட் மேக் என்ற பெயரிலேயே அமெரிக்க மேடைகளுக்கு அனுப்பினார். ஃபிளீட்வுட் பின்னர் வந்து சேர்வார் என்று தங்களிடம் சொல்லப்பட்டதாக அவ்விசைஞர்கள் கூறினர். அவர் அதை மறுத்தார். சீட்டு வாங்கி வந்தவர்கள் தாங்கள் ஏமாற்றப்பட்டதை உணர்ந்து கொதித்தெழ, பயணம் சிதறிப் போய் வழக்கில் முடிந்தது. அதே ஆண்டில் உண்மைக் குழு லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது.

அங்கே சவுண்ட் சிட்டி என்ற ஒலிப்பதிவுக் கூடத்தைப் பார்க்கப் போன ஃபிளீட்வுட்டுக்கு, கூடத்தின் ஒலித்தரத்தைக் காட்டுவதற்காக லின்ட்சி பக்கிங்ஹாம், ஸ்டீவி நிக்ஸ் இணையரின் பாடல் ஒன்றை ஒலிக்கச் செய்தார்கள். வெல்ச் விலகியதும் பக்கிங்ஹாமுக்கு அழைப்பு போயிற்று. நிக்ஸையும் சேர்த்துக்கொண்டால்தான் வருவேன் என்று அவர் நிபந்தனை விதித்தார். இந்த ஐவர் 1977-இல் வெளியிட்ட 'ரூமர்ஸ்' ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 31 வாரம் முதலிடத்தில் இருந்தது. கிரீன் காலத்து ப்ளூஸுக்கும் கலிஃபோர்னியா வெயில் படிந்த இந்த மெல்லிய பாப் இசைக்கும் ஒட்டுறவே இல்லை எனலாம். ஆயினும் இவர்களைப் போலி என்று எவரும் சொல்லவில்லை. பழைய பெயரோடு மேடையேறிய 1974-ஆம் ஆண்டுக் குழுவே போலி எனப்பட்டது.

ஆக, ஒலி மாறாதிருப்பது குழுவின் அடையாளம் அன்று. பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய பின் கப்பல் அதே கப்பல்தானா என்ற பழைய கிரேக்கப் புதிரை இங்கே எடுத்துக்காட்டுவது வழக்கம். ஆனால் பலகை அடுத்த பலகையைத் தேடிப் பிடிப்பதில்லை, அதனோடு ஒத்திகை பார்ப்பதும் இல்லை. இசைக்குழுவில் புதியவரை அழைப்பவர்களும் பழக்குபவர்களும், எஞ்சியிருக்கும் பழையவர்களே. தொடர்ச்சி அந்த ஒட்டுப்பகுதியில்தான் இருக்கிறது. 'ரூமர்ஸ்' ஆல்பத்தின் 'தி செயின்' பாடலைக் கேட்டால் இது விளங்கும். ஒதுக்கிவைத்த துண்டுகளை ஒலிநாடாவில் வெட்டி ஒட்டி உருவாக்கிய அப்பாடல் ஒன்றுக்கு மட்டுமே ஐவரும் ஆசிரியர்களாகக் குறிக்கப்பட்டுள்ளனர். அதன் பிற்பகுதியில் பாட்டு ஓய, மெக்வீயின் பாஸ் தனித்து எழுகிறது, ஃபிளீட்வுட்டின் டிரம்ஸ் அதைத் தாங்கிச் செல்கிறது, புதியவரான பக்கிங்ஹாமின் கிட்டார் அதன்மேல் ஏறிக்கொள்கிறது.

சட்டம் வேறு கணக்குப் போடுகிறது. சாக்ஸன் என்ற ஆங்கிலேயக் குழுவிலிருந்து விலகிய இருவர் அப்பெயரை வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்ட வழக்கில், லண்டன் உயர் நீதிமன்றம் 2003-இல், பெயரும் அதன் நற்பெயரும், அதாவது வாடிக்கையாளரை ஈர்க்கும் மதிப்பும், கூட்டாண்மையின் சொத்தே தவிரத் தனி உறுப்பினரின் உடைமை அல்ல என்று கூறி, அப்பதிவு செல்லாது எனத் தீர்ப்பளித்தது. பெயர் யாரிடம் சேரும் என்பதற்கு இது விடை. அப்பெயரில் எழும் இசையைப் பற்றித் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை.

2018-இல் பக்கிங்ஹாம் நீக்கப்பட்டு, அவரிடத்துக்கு நீல் ஃபின், மைக் கேம்ப்பெல் இருவரும் வந்தனர்; குழுவின் பெயரில் கச்சேரிகள் தொடர்ந்தன. 2022 நவம்பரில் கிறிஸ்டீன் மெக்வீ காலமானார். பெயருக்குரிய ஃபிளீட்வுட்டும் ஜான் மெக்வீயும் இருக்கும்போதே, குழு இனித் தொடரக் காரணமில்லை என்று அடுத்த ஆண்டு சொன்னவர், ஒரு காலத்தில் நிபந்தனையின் பேரில் உள்ளே வந்த ஸ்டீவி நிக்ஸ்.