புன்னைக்காயலைத் தேடுவது எப்படி?

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலைக் கொண்டுவந்த போர்த்துகீசியப் பாதிரியார் பணியாற்றிய ஊர். 1586-இல் வெளியான அவருடைய 'அடியார் வரலாறு' இந்த ஊரில்தான் அச்சானது என்று பலர் எழுதுகிறார்கள். யார், எந்த ஆதாரத்தில் சொல்கிறார்கள் என்று கூகுளில் பார்க்க உட்கார்ந்தால், பாதிரியாரின் பெயரே முதல் தலைவலி. ஹென்றிக்ஸ், ஹென்ரிக்கஸ், என்றிக்கே என்றீக்கசு, அண்டிரிக் அடிகளார் என்று ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள்.

இங்கே கைகொடுப்பவர் ஜார்ஜ் பூல். இங்கிலாந்தில் ஒரு செருப்புத் தைப்பவரின் மகன். உயர்கணிதத்தைத் தானாகவே படித்தவர். தர்க்கத்தையும் இயற்கணிதம்போல் ஒன்றையும் சுழியத்தையும் வைத்துப் போட்டுவிடலாம் என்று 1854-இல் ஒரு நூலில் காட்டினார். அந்தத் தர்க்கத்தில் தேடுபொறிக்கு மூன்று சொற்கள் போதும்: அண்ட் (எல்லாம் வேண்டும்), ஆர் (ஏதாவது ஒன்று போதும்), நாட் (இது வேண்டாம்).

சொற்களை அடுத்தடுத்துத் தட்டினாலே கூகுள் 'அண்ட்' போட்டதாகத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். 'ஆர்' அப்படியல்ல. அதை OR என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும். மேலே சொன்ன நான்கு பெயர்களையும் தனித்தனியே இரட்டை மேற்கோளுக்குள் இட்டு, நடுவே 'ஆர்' போட்டால், எது இருந்தாலும் பக்கம் வந்துவிடும்.

தமிழில் தேடுபவருக்கு, என்னைக் கேட்டால், 'ஆர்'தான் உயிர்நாடி. "புன்னைக்காயல்" என்று இரட்டை மேற்கோளுக்குள் இட்டால் அதே வடிவத்தைத்தான் தேடும். 'புன்னைக்காயலில்' என்று மட்டும் எழுதிய பக்கம் நழுவிவிடலாம். 'க்' என்ற ஒற்றெழுத்தை விட்டுவிட்டு 'புன்னைகாயல்' என்று எழுதுபவர்களும் குறைவில்லை. ஆகவே: "புன்னைக்காயல்" ஆர் "புன்னைக்காயலில்" ஆர் "புன்னைகாயல்". ஐரோப்பியர் எழுதிய பழைய நூல்களுக்கு 'புனிக்காலே' என்பதையும் ஆங்கில எழுத்தில் சேர்க்கலாம்.

'நாட்' என்பதற்குக் கூகுளில் கழித்தல் குறி. வேண்டாத சொல்லோடு இடைவெளியின்றி ஒட்ட வேண்டும். வெறும் 'காயல்' என்று தேடி, குவிகிற காயல்பட்டினத்துப் பக்கங்களை விலக்க இது நல்ல ஆயுதம். ஆனால் இரண்டு பக்கமும் கூரானது. 1586-ஆம் ஆண்டு நூல்தானே வேண்டும், கொல்லத்துச் செய்தி எதற்கு என்று 'கொல்லம்' முன்னால் கழித்தல் குறி போட்டீர்களோ, போயிற்று! 'அடியார் வரலாறு' பற்றி விரிவாக எழுதும் எவரும் 1578-ஐயும் கொல்லத்தையும் சொல்லாமல் விடுவதில்லை. நல்ல கட்டுரைகளே முதலில் காணாமல்போகும். அதற்குப் பதில் "அடியார் வரலாறு" என்பதோடு 1586 என்ற எண்ணையும் சேர்த்துத் தட்டுங்கள்.